இரவல் கூரை

மடுல்சீமை மலையை விட்டு இறங்கிக்கொண்டிருந்தேன். மேலே கோயில் வாசலில் ஜீப் இன்னும் நின்றது. உள்ளே கோழிக் குழம்பு பரிமாறிக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை ரோட்டு வளைவு வரைக்கும் என்னைத் துரத்திக்கொண்டு வந்தது. காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. இருந்தாலும் நடந்தேன்.

தோளில் ஒரு துணிப்பை. அதற்குள் ஒரு சாரம், ஒரு சட்டை, பாதி தேய்ந்த சவர்க்காரம். என் சொத்து அவ்வளவுதான். அதனால் ஓர் இடத்தை விட்டுக் கிளம்ப எனக்கு அதிக நேரம் பிடிப்பதில்லை. பசறைக்கு இறங்கினால் பதுளைக்கு ஏதாவது லொறி கிடைக்கும். பதுளையிலிருந்து எங்கே என்று யோசிக்கவில்லை.

கோபம்தான் என் கால்களை இறக்கத்தில் தள்ளிக்கொண்டு போனது. ஜீப்பில் வந்தவர்மேல் கோபமில்லை. புதிதாக வெள்ளையடித்த அந்தச் சுவரின் மேல் கோபம். முழுசாக மூடியிருந்த அந்தக் கூரையின் மேல் கோபம்.

கூரை முழுசாக இருந்ததற்கு ஒருவன் கோபித்துக்கொள்வானா என்று கேட்பீர்கள். அந்தக் கதைதான் இந்த வாரம்.

ஓட்டைக்குக் கீழே இருந்தவர்கள்

அந்தத் தோட்டத்துக்கு நான் கவ்வாத்து வெட்டப் போனேன். தேயிலைச் செடியை இடுப்பளவுக்கு வெட்டி இறக்குகிற வேலை. வெளியாட்களைக் கொஞ்ச நாளைக்கு எடுப்பார்கள், வெட்டி முடிந்ததும் அனுப்பிவிடுவார்கள். கவ்வாத்து முடிந்தது. என்னை யாரும் போகச் சொல்லவில்லை, நானும் போகவில்லை. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் ஒரு காம்பராவின், அதாவது ஓர் அறை வீட்டின், முன்பக்கத்தில் படுத்துக்கொண்டேன். ஒருவருக்கு விறகு பிளந்து கொடுத்தால் சோறு. இன்னொருவருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தால் ரொட்டி.

நான் பூனாகலையில் பிறந்தவன். அதனால் என் பெயரை யாரும் கேட்கவில்லை. "ஏய் பூனாகலை" என்றுதான் கூப்பிட்டார்கள்.

லயங்களுக்கு மேலே ஒரு மேட்டில் சிலுவை வைத்த சின்னக் கோயில் இருந்தது. கல்சுவர், தகரக் கூரை. யாரோ ஒரு பழைய காலத்துத் துரை இடம் கொடுக்க, சனங்களே கட்டியது. சாமியார் எப்போதாவதுதான் வருவார். மற்ற நாட்களில் அது எல்லாருடைய இடம். சாயந்தரம் பிள்ளைகள் அங்கே பாடம் படித்தார்கள். மரண உதவிச் சங்கம் அங்கேதான் கூடியது. மழைக்காலத்தில் யாராவது செத்தால், வேதக்காரராக இருந்தாலும் மாரியம்மனைக் கும்பிடுகிறவராக இருந்தாலும், அங்கேதான் கிடத்துவார்கள். லயத்துக் காம்பராவில் செத்தவரைக் கிடத்தினால் உயிரோடு இருப்பவர்கள் நிற்க இடம் இருக்காது.

தகரம் எப்போதோ துருப்பிடித்து ஒழுகத் தொடங்கிவிட்ட தகரம். அந்த வருஷம் ஆடிக் காற்று அதில் பாதியைப் பிடுங்கிப் பள்ளத்தில் எறிந்துவிட்டது. பீடத்துக்கு நேர் மேலே ஆகாயம். ஐப்பசியில் மழை தொடங்கினால் மிச்சச் சுவரும் ஊறிப்போய்விடும் என்று எல்லாருக்கும் தெரியும். யாரிடம் கேட்பது என்பதுதான் தெரியவில்லை.

எனக்குத் தெரியும். இதைக் கொஞ்சம் பெருமையோடுதான் எழுதுகிறேன்.

அதற்கு முந்திய வருஷம் பதுளையில் ஒரு மிஷன் ஆபீஸைக் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டுக் கோயில்களில் சேர்கிற காணிக்கையிலிருந்து இங்குள்ள கோயில்களுக்கும் சங்கங்களுக்கும் கட்டட உதவி கொடுக்கிற தர்ம ஸ்தாபனம் ஒன்று கொழும்பில் இருப்பதை அங்கேதான் கேள்விப்பட்டேன். விண்ணப்பம் எழுதினால் ஓர் ஆள் வந்து பார்ப்பார். அவர் சரியென்றால் உதவி வரும். கூட்டுகிறவன் காதில் விழாத விஷயம் ஓர் ஆபீஸில் கிடையாது.

ஹனிபா நானாவின் டைப்ரைட்டர்

கோயில் கமிட்டிக்குத் தலைவி சவேரியம்மா. கொழுந்து பறிக்கிற பெண். ஆண்கள் இரண்டு பேர் தலைவர் பதவிக்குச் சண்டை பிடித்ததில் சாவி அவர் கைக்கு வந்தது. பிறகு அவர் அதை யாருக்கும் கொடுக்கவில்லை.

நான் விஷயத்தைச் சொன்னதும் இடுப்பில் கைவைத்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ எத்தனாம் வகுப்பு?"

"அஞ்சு."

"பாஸா?"

"அஞ்சுல இருந்தேங்கக்கா."

"சரி, எழுது. நம்மள்ல அஞ்சு வரைக்கும் போனவன் நீ ஒருத்தன்தான்."

தமிழில் எழுதினேன். அதை இங்கிலீஷில் அடிக்க வேண்டும். பசறையில் ஹனிபா நானா என்றொரு கடைக்காரர் இருந்தார். அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய். கடைக்குப் பின்னால் கோணிகளுக்கு நடுவே ஒரு டைப்ரைட்டர். தோட்டத்து ஆட்களுக்குப் பிரஜாவுரிமை மனு அடித்து அடித்து அவருக்குக் கை பழகியிருந்தது.

நான் எழுதியதைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"கூரையில ஓட்டை ஈக்குதுண்டு மூணு தரம் எழுதீக்கிறாய். ஓட்டை எங்கட வீட்டுலயும் ஈக்குது. அதுக்குக் கீழ யாரு ஈக்கிறாங்கண்டு எழுது."

நான் பிள்ளைகளின் பாடத்தைச் சொன்னேன். சங்கத்தைச் சொன்னேன். போன மழையில் ஒரு பிரேதத்தின் மேல் நாலு பேர் கம்பளியை விரித்துப் பிடித்துக்கொண்டு விடியும்வரை நின்றதாகக் கேள்விப்பட்டதைச் சொன்னேன். நானா அடித்தார். காகிதத்தை உருவிக் கையில் கொடுத்தபோது, "சர்ச்சுக்கு அடிச்சிக் குடுத்ததுக்குக் காசு வாங்கினா பள்ளிவாசல்ல யாரும் கேக்கப் போறதில்ல. ஆனா எனக்கு ஒரு மாதிரி ஈக்குது, போ" என்றார்.

இடம் தோட்டத்துக்குச் சொந்தம் என்பதால் பெரிய துரையின் கையெழுத்தும் தேவைப்பட்டது. அதற்குச் சவேரியம்மா போனார். பங்களா வாசலில் எத்தனை தரம் நின்றார் என்று அவர் என்னிடம் சொன்னதில்லை. கையெழுத்து வந்தது.

கொழும்பிலிருந்து பதிலும் வந்தது. இன்ன ஞாயிற்றுக்கிழமை அதிகாரி வந்து பார்ப்பார்.

ஜீப்பில் நான் சொன்னது

வழி காட்டுவதற்காகச் சனிக்கிழமையே நான் பசறைக்கு இறங்கி, நானாவின் கடைக் கோணிகள் மேல் படுத்துக்கொண்டேன். விடிந்ததும் சந்தியில் நின்றேன். ஜீப் வந்தது.

அதிகாரி யாழ்ப்பாணத்து மனிதர், ஐம்பது வயதிருக்கும். பெயர் நடராசா. ஒல்லியாக இருந்தார். காற்றுக்கு மப்ளர் சுற்றியிருந்தார். என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டார். ஒவ்வொரு வளைவிலும் ஒரு கேள்வி கேட்டார்.

"நீரோ தம்பி விண்ணப்பம் எழுதினனீர்?"

"ஆமாங்க."

"ஓட்டை பெரிசோ?"

"பெருசுங்க. பீடத்துக்கிட்ட நின்னு அண்ணாந்து பாத்தா ஆகாயந்தாங்க தெரியும். மழ வந்தா சாமிக்குக் கொட பிடிக்கணும்."

அவர் சிரித்தார். எனக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. மலை ஏறுகிற வழி முழுக்க அந்த ஆகாயத்தைப் பற்றியே பேசினேன். மேகம் கோயிலுக்குள் இறங்கி வருவதைச் சொன்னேன். குருவி பீடத்தில் கூடு கட்டியதைச் சொன்னேன். சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை.

கடைசி வளைவு திரும்பியதும் கோயில் தெரிந்தது. ஒரு கணம் வேறு தோட்டத்துக்கு வந்துவிட்டோமோ என்று நினைத்தேன்.

சுவர் பளீரென்று வெள்ளை. வாசலில் வாழைமரம். காகிதத் தோரணம். கூரை முழுக்கத் தகரம். அதுவும் புத்தம் புதுத் தகரம், வெயிலில் கண் கூசியது.

வீ.ஏ. வருகிற நாள்

தோட்டத்தில் வளராதவர்களுக்கு இதை விளக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் கம்பனியின் சார்பில் தோட்டங்களைச் சுற்றிப் பார்க்க தோட்டத்துத் துரைமாருக்கும் மேலான ஒருவர் வருவார். விசிட்டிங் ஏஜென்ட், சுருக்கமாக வீ.ஏ. என்பார்கள். அவர் வரும் நாளைக்கு முந்தி லயத்து முன்சுவருக்கு மட்டும் வெள்ளையடிப்பார்கள். சாக்கடைக் கானில் சுண்ணாம்பு தூவுவார்கள். தாய்மார் வேலைக்குப் போகையில் குழந்தைகளை விடுகிற பிள்ளைக் காம்பராவுக்குப் புதுப் பீங்கான் வரும், மறுநாள் ஸ்டோருக்குத் திரும்பிப் போய்விடும். இருமுகிற கிழவர்களை உள்ளே படுக்க வைப்பார்கள். ஒழுகுகிற இடத்தைச் சாக்கைப் போட்டு மறைப்பார்கள். கங்காணிமார் பயத்தில் செய்யச் சொன்னது, தலைமுறை தலைமுறையாகச் செய்து செய்து சனங்களுக்கு மரியாதையாகவே ஆகிவிட்டது. பெரிய மனிதர் ஒருவர் வருகிறார் என்றால் உடைந்ததை அவர் கண்ணில் காட்டக் கூடாது. யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சுண்ணாம்பு வாளியைத் தேடிக் கை தானாகப் போகும்.

என்னை வளர்த்ததும் அதே லயம்தான். ஆனால் அதிகாரி பார்க்க வருவதே ஓட்டையை என்று சொல்லிவிட்டுப் போக எனக்குத் தோன்றவில்லை. அது தெரிந்ததுதானே என்று நினைத்திருந்தேன்.

தகரம் ஃபாக்டரி ஸ்டோரிலிருந்து வந்தது. மாட்டுப்பட்டிக்கு வைத்திருந்ததைச் சவேரியம்மா கெஞ்சி இரவல் வாங்கியிருந்தார். ஆணி அடித்தால் ஓட்டை விழும் என்று, மேலே கல்லை வைத்து அழுத்தியிருந்தார்கள்.

அதிகாரிக்கு மாலை போட்டார்கள். பிள்ளைகள் பாடினார்கள். அவர் பீடத்துக்குக் கிட்டப் போய் அண்ணாந்து பார்த்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார்.

"எங்கை தம்பி ஆகாயம்?"

சுற்றி நின்றவர்கள் வேடிக்கையென்று நினைத்துச் சிரித்தார்கள். நான் வாயைத் திறந்தேன். சவேரியம்மா என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் மாலை போட்ட அத்தனை பேரும் பொய்யர்கள். சொல்லாவிட்டால் நான் ஒருவன்தான் பொய்யன்.

வெளியே போய் ஜீப்புக்குப் பின்னால் நின்றேன். கொஞ்ச நேரத்தில் அதிகாரி டிரைவரிடம் வந்து சொன்னது என் காதில் விழுந்தது.

"நல்லாத்தானே கிடக்கு. இதைவிட மோசமான இடங்கள் எத்தினை கிடக்கு. பொடியன் சும்மா அளந்துபோட்டான். சாப்பிடச் சொல்லி நிக்கினம், சாப்பிட்டிட்டுப் போவம்."

ஓடிப்போய்ப் பையை எடுத்துக்கொண்டேன்.

எதிரே வந்தவர்கள்

இப்போது அந்த வளைவுக்கு வருகிறேன். கீழேயிருந்து நாலு பேர் மூச்சு வாங்க ஏறி வந்தார்கள். முன்னால் வந்தவர் முனியாண்டி அண்ணன், ஃபாக்டரி ஸ்டோர் காவல்காரர்.

"எங்கடா பையத் தூக்கிட்டு?"

"போறேன். நீங்க எங்க?"

"தகரத்த எறக்கத்தான். சின்னத் தொர பொழுது சாயறதுக்குள்ள ஸ்டோர வந்து பாக்கப்போறாராம். தகரம் இல்லேன்னா என் சீட்டு கிழிஞ்சிரும். அந்தக் கொழும்பு ஐயா போயிட்டாரா?"

நான் மேலே பார்த்தேன். ஜீப் அங்கேயே நின்றது.

இன்னும் அரைமணி நேரம் அவர்களை அந்த வளைவில் பேச்சுக் கொடுத்து நிறுத்தியிருந்தால் அதிகாரி வயிறு நிறைய, மனம் நிறையப் போயிருப்பார். யாருக்கும் வெட்கம் இல்லை. கூரையும் இல்லை.

"போயிட்டாருண்ணே" என்றேன். "வாங்க, நானும் ஒரு கை புடிக்கிறேன்."

அந்தப் பொய்க்காக நான் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை.

கோழிக்காலும் ஆகாயமும்

ஜீப்பைக் கண்டதும் முனியாண்டி அண்ணன் என்னைத் திட்ட ஆரம்பித்தார். அவர் திட்டி முடிப்பதற்குள் நான் ஏணியில் பாதி ஏறிவிட்டேன். கீழே சவேரியம்மா ஓடி வந்தார்.

"டேய் பூனாகலை! எறங்குடா! ஐயா உள்ள சாப்புடுறாரு! முனியாண்டி, நீங்களாவது சொல்லுங்க, கொஞ்சம் பொறுத்து எடுத்துக்கலாம்ல?"

"என்னக்கா செய்யச் சொல்றீங்க? மானம் ஒங்களுக்கு, வேல எனக்கு. எடுத்துக் குடுடா கீழ!"

முதல் கல்லைத் தள்ளினேன். முதல் தகரத்தைச் சறுக்கவிட்டேன். முனியாண்டி அண்ணன் பிடித்துக்கொண்டார். வெயில் ஒரு பலகை மாதிரி நேராக உள்ளே விழுந்தது. கீழே குனிந்து பார்த்தேன். சரியாக அதிகாரியின் மேசைமேல் விழுந்திருந்தது. ஒரு கையில் கோழிக்கால், மறுகையால் கண்ணுக்கு நிழல் பிடித்துக்கொண்டு அவர் அண்ணாந்து என்னைப் பார்த்தார்.

"ஐயா! எங்க ஆகாயம்னு கேட்டீங்களே! இந்தாங்க!"

யாரும் சிரிக்கவில்லை. நான் அடுத்த தகரத்துக்கு நகர்ந்தேன். ஒவ்வொன்றாக இறக்க இறக்கக் கோயில் பழையபடி ஆனது. உளுத்த மரம், கறுத்த சுவர், குருவிக் கூடு. வெள்ளையடித்த இடம் மட்டும் முகம் கழுவிய பிள்ளை மாதிரி தனியாகத் தெரிந்தது.

நான் இறங்கி வந்தபோது அதிகாரி கை கழுவிவிட்டு வாசலில் நின்றார். சவேரியம்மா தலையை முக்காடால் மூடிக்கொண்டு எதிரே நின்றார்.

"அம்மா, ஆர் இதை மூடச் சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க. வந்த மனுசர ஓட்டைக்குக் கீழ ஒக்கார வச்சிச் சோறு போட்டா நல்லாவாங்க இருக்கும்?"

அதிகாரி மப்ளரை அவிழ்த்து மறுபடி சுற்றிக்கொண்டார்.

"நான் வாறன் எண்டு தெரிஞ்சால் எல்லாரும் இருக்கிற ஓட்டையைப் பெரிசாக்கித்தான் காட்டுவினம். ஒரு இடத்திலை சுவரைக் கம்பியாலை நோண்டிக்கூட வைச்சிருந்தவை. ஓட்டையை மறைச்சுப்போட்டுக் கோழி தந்த சனத்தை இண்டைக்குத்தான் காணுறன்."

இப்போது சிரித்தார்கள். சவேரியம்மா சிரிக்கவில்லை. கூரை கிடைக்குமா என்பதற்கு அவருக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை.

"ஒண்டு கேக்கிறன், கோவிக்கக் கூடாது. இந்தியாவும் இலங்கையும் ஒப்பந்தம் போட்டிட்டாங்கள். பாதிச் சனம் இந்தியாவுக்குப் போயிடும் எண்டு கதை. பிறகு இந்தக் கோயில் ஆருக்கு? கொழும்பிலை என்னட்டை இதைத்தான் கேப்பினம்."

அங்கே நின்றவர்களில் பல பேருடைய தகரப் பெட்டிகளில் இந்தியாவுக்குப் போக விண்ணப்பித்த காகிதங்கள் இருந்தன.

"போறவங்க போவாங்கய்யா" என்றார் சவேரியம்மா. "இருக்கறவங்க இங்கதானே சாவணும்? அவங்களக் கெடத்த எடம் வேணாமா? போன மழைக்கு எங்க வீட்டுக்காரர இந்தா, நீங்க சாப்பிட்டீங்களே, அந்த எடத்துலதான் கெடத்துனோம். நாலு பேரு கம்பளியப் புடிச்சிக்கிட்டு நின்னாங்க. உசுரோட இருந்தப்ப அந்த மனுசனுக்கு ஒரு நாளும் அவ்வளவு மரியாத கெடச்சதில்ல."

நான் நானாவிடம் சொன்ன பிரேதம் யாருடையது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இத்தனை மாதம் சவேரியம்மாவின் கையால் ரொட்டி தின்றிருக்கிறேன்.

அதிகாரி மறுபடி உள்ளே போனார். அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றார். வெளியே வந்தபோது குரல் மாறியிருந்தது, ஆனால் பேசியது வேலையைப் பற்றித்தான்.

எங்கள் பங்கு

"நான் நல்லபடியாய்த்தான் எழுதுவன். ஆனால் வெறும் கையை நீட்டுற இடத்துக்கு அவை குடுக்க மாட்டினம். உங்கட பங்கு என்ன எண்டு கேப்பினம். உளுத்த மரம் இறங்க வேணும். சுவரிலை இன்னும் ஒரு வரி கல்லு ஏற வேணும். அது உங்கட பங்கு. நான் இந்தப் பக்கத்து வேலையை முடிச்சுக்கொண்டு வாற சனிக்கிழமை திரும்பேக்கை இதாலை வருவன். வேலை துவங்கியிருந்தால் அதையும் சேர்த்து எழுதலாம்."

ஜீப் போனது. தகரமும் நாலு பேர் தலைமேல் போனது. முனியாண்டி அண்ணன் போகும்போது என் முதுகில் ஓர் அறை விட்டுவிட்டுப் போனார். அது திட்டா பாராட்டா என்று அவரும் சொல்லவில்லை.

கமிட்டி அந்த இடத்திலேயே கூடியது. ஞாயிறு தவிர எல்லா நாளும் எல்லாருக்கும் மலையில் வேலை. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு ஒரு நாள் போகாவிட்டால் அன்றைய பேர் இல்லை, சம்பளமும் இல்லை. அடுத்த ஞாயிறு வரைக்கும் காத்திருந்தால் சனிக்கிழமை வருகிறவர் எதைப் பார்ப்பார்?

சவேரியம்மா என் தோளில் தொங்கிய பையைப் பார்த்தார்.

"பூனாகலை, ஒனக்கு எங்க போகணும்?"

"எங்கயும் இல்லக்கா."

"அப்ப அந்தப் பையக் கழட்டி ஆணியில மாட்டு. லயத்துக்கு ஒரு நாளா ஒனக்குச் சோறு வந்துரும். கல்லு ஒடைக்கத் தெரியுமா?"

"தெரியாது."

"சம்மட்டி சொல்லித்தரும்."

உதவி வந்தது, ஐப்பசி மழைக்கு முன்னால் புதுத் தகரம் ஏறியது, அதில் ஆணியும் அடித்தார்கள். அவ்வளவு சொன்னால் போதும். எனக்கு நன்றாக ஞாபகம் இருப்பது அந்தத் திங்கட்கிழமைக் காலைதான்.

பனி விலகவில்லை. கோயில் மேட்டில் நான் சம்மட்டியோடு நின்றேன். பிறகு எத்தனையோ வேலை பார்த்திருக்கிறேன். சம்பளமே இல்லாத வேலை என்றால் அது ஒன்றுதான். முதல் அடியில் கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை, கை மட்டும் முழங்கை வரைக்கும் அதிர்ந்தது. கீழே பெரட்டு முடிந்து பெண்கள் மலைக்கு ஏறினார்கள். கோயில் பாதை அவர்களுக்குச் சுற்று வழி. அன்றைக்கு எல்லாரும் அந்த வழியாகத்தான் வந்தார்கள். வெறும் கொழுந்துக் கூடைக்குள் ஆளுக்கொரு கல். ஓடையிலிருந்து எடுத்து வந்திருந்தார்கள். ஒருத்தியும் நிற்கவில்லை, கங்காணி கத்துவாரே. நடந்தபடியே குனிந்து என் பக்கத்தில் ஒவ்வொன்றாக இறக்கிவிட்டுப் போனார்கள். கடைசியாக வந்த சவேரியம்மாவின் கூடையில் இரண்டு கல் இருந்தது.

"ஒண்ணு எனக்கு, ஒண்ணு அவருக்கு" என்று சொல்லிவிட்டு அவரும் ஏறிப் போனார்.

நான் சம்மட்டியை ஓங்கினேன்.